திரிந்த திணை: மியாசாகியின் ‘நௌசிகா’வை முன்வைத்து

ஜப்பானிய அனிமேஷன் படம் ஒன்றைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேச முற்படும்போது சிறு தயக்கம் வரத்தான் செய்கிறது. ‘பொம்மைப் படம்’ என்னும் சொல் நம்மிடையே இன்னும் வழக்கொழியவில்லை. நானும் அச்சொல்லைச் சொல்லித் திரிந்தவன்தான். 2006 வாக்கில், பர்மா பஜாரில் குரோசாவா படங்களைத் தேடிச் சென்ற ஒரு மாலையில், நான்காக வாங்கினால் விலை குறைத்துத் தருவதாகச் சொல்லி, நான் கேட்காத வட்டு ஒன்றைக் கையில் வைத்தார் கடைக்காரர். உறையில், வெண்ணிறப் பறக்கும் கலம் ஒன்றைப் பற்றிக்கொண்டு செல்லும் ஒரு பெண். குழந்தைகளுக்கானது என்றெண்ணி அலமாரியில் போட்டுவிட்டேன். ஓராண்டு அங்கேயே கிடந்தது. அதற்குப் பின் வேறெந்தப் படத்தையும்விட அதிகமுறை நான் பார்த்தது அந்த வட்டைத்தான்.

ஹயாவோ மியாசாகி எழுதி இயக்கி, 1984 மார்ச் 11 அன்று வெளிவந்த ‘காற்றுப் பள்ளத்தாக்கின் நௌசிகா’ அது. இன்று உலகமே அறிந்த கிப்லி நிறுவனம் அப்போது பிறந்திருக்கவில்லை. இப்படத்தின் வெற்றியை அடுத்து 1985இல்தான் அது தொடங்கப்பட்டது. படத்தைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. புகழ்ச்சி ஏற்கெனவே போதுமான அளவு குவிந்திருக்கிறது. இப்படத்தைப் பல ஆண்டுகளாக நான் ஒரு விதமாக வாசித்துவந்தேன், வகுப்பிலும் அவ்வாறே சொல்லிவந்தேன். அந்த வாசிப்பு தவறு என்று இப்போது தோன்றுகிறது. அந்தத் தவறு என்னுடையது மட்டுமல்ல என்பதால்தான் பொதுவில் வைக்கிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஏழு நாள் நெருப்பு’ என்னும் பெரும்போரில் தொழில் நாகரிகம் அழிந்து ஆயிரம் ஆண்டுகள் கடந்துவிட்டன. நிலத்தின் பெரும்பகுதியைப் பூஞ்சைகளால் ஆன ஒரு காடு மூடிக்கொண்டு, ஆண்டுதோறும் விரிந்து வருகிறது. அதன் காற்றை முகமூடியின்றிச் சில நிமிடங்கள் சுவாசித்தால் நுரையீரல் அழுகிவிடும். காட்டைக் காப்பவை ஓமு எனப்படும் மாபெரும் பூச்சிகள். கடற்காற்று ஓயாமல் வீசுவதால் நச்சு வித்துகள் அண்டாத ஒரு சிறு பள்ளத்தாக்கின் இளவரசி நௌசிகா. காட்டை எரித்து மனிதகுலத்தை மீட்போம் என்று ஒரு பேரரசின் படை வருகிறது. அந்தப் படையை அழிக்க, ஓமுக்களின் பெருங்கூட்டத்தை ஏவிவிட முனைகிறது மற்றொரு நாடு. இரண்டுக்கும் இடையில் பள்ளத்தாக்கு.

அந்தக் காட்டின் பெயரிலிருந்துதான் நான் தொடங்குவது வழக்கம். ஜப்பானிய மொழியில் ‘ஃபுகாய்’. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘அழுகிய கடல்’ என்று வரும். காட்டுக்குக் கடல் என்று பெயர்! மரமும் புதருமாய் நிற்கும் ஒன்றை, அலையும் ஆழமும் உடைய ஒன்றாக அழைக்கிறார்கள் அதன் கரையில் வாழும் மக்கள். தமிழ் படித்தவனுக்கு இது வியப்பாக இருக்காது. நானிலங்களுக்குத் தொல்காப்பியம் வகுத்த இலக்கணத்தில் பாலைக்கு நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டுத் திரியும்போது பாலை என்னும் வடிவம் கொள்கின்றன என்று காடுகாண் காதையில் இளங்கோவடிகள் விளக்கம் தருகிறார். நிலவகை ஒன்றாக அல்லாமல், நிலத்துக்கு நேர்ந்த ஒரு நிலையாகப் பாலையைப் பார்த்த பார்வை அது. மியாசாகியின் அழுகற்கடலும் அப்படிப்பட்டதுதான். அது இயற்கையான காடல்ல. கெட்ட நிலம் எடுத்த வடிவம். (திணை மயக்கம் என்று சிலர் இதைச் சொல்லக்கூடும். மயக்கம் வேறு, திரிபு வேறு. ஒரு திணைக்குரிய பொருள் இன்னொன்றில் கலந்து வருவது மயக்கம்; அது கவிஞன் உரிமை. திரிபில் நிலமே தன்னை இழக்கிறது.)

நெய்தல் திரிந்தால் அதற்கு என்ன பெயர் என்று இளங்கோ சொல்லவில்லை. தண்டையார்பேட்டையில் குடியிருந்துகொண்டு, மாலை வேளைகளில் எண்ணூர் நெடுஞ்சாலை வழியே சரக்குப் பெட்டக லாரிகளுக்கு இடையில் சென்றுவருகிற எனக்கு, அந்தப் பெயர் தேவைப்படுகிறது.

படத்தில் என்னை முதலில் பிடித்து நிறுத்திய காட்சி எல்லாரும் சொல்லும் பறக்கும் காட்சி அன்று. நிலவறைக் காட்சி. தந்தை கொல்லப்பட்டு, பள்ளத்தாக்கு படையின் பிடியில் விழுந்த இரவில், குடும்ப நண்பரும் வாள்வீரருமான யூபா, கோட்டையின் அடியில் ஓர் அறையைக் காண்கிறார். அங்கே அழுகற்கடலின் செடிகளை எல்லாம் நௌசிகா வளர்த்துக்கொண்டிருக்கிறாள். முகமூடி இல்லை. நச்சு இல்லை. மிக ஆழமான கிணற்றிலிருந்து பெருங்காற்றாடியால் இறைத்த நீரும், அதே கிணற்றின் அடியிலிருந்து எடுத்த மணலும் இட்டு வளர்த்ததால் அவை நஞ்சு உமிழவில்லை. செடி நஞ்சன்று, மண்தான் நஞ்சு. யார் இதைச் செய்தார்கள் என்று அவள் அழுகிறாள். ஒரு பதினாறு வயதுப் பெண், யாரும் அறியாமல், தந்தையின் நோய்க்கு மருந்து தேடும் முனைப்பில் தொடங்கி, ஒரு நாகரிகமே ஆயிரம் ஆண்டுகளாகத் தவறாகப் புரிந்துகொண்ட ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறாள். படத்தின் அறிவியல் புனைவு என்பது பறக்கும் கலங்களிலோ உயிர்பெறும் போரரக்கனிலோ இல்லை. இந்த அறையில் இருக்கிறது. காரணத்தை மாற்றிக் கேட்கும் ஒரு சோதனை, அதற்குரிய பொறுமை, கிணறு.

2013இல் தண்டையார்பேட்டையின் சில தெருக்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் எண்ணெய் கலந்து வந்தது. மண்ணெண்ணெய் வாடை என்றார்கள், பெட்ரோல் என்றார்கள். நிலத்தடியில் செல்லும் எரிபொருள் குழாயிலிருந்து கசிந்தது என்று பின்னர் தெரியவந்தது. அதுவரை நான் அந்த நிலவறைக் காட்சியை ஓர் அழகான கற்பனையாகத்தான் பார்த்திருந்தேன். ஆழத்திலிருந்து வரும் நீர் தூய்மையாக இருக்கும் என்பது அந்தப் படத்தின் நம்பிக்கை. எங்கள் பகுதியில் ஆழமே ஐயத்துக்குரியதாகிவிட்டது.

ஓமுக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மியாசாகியின் கலை முழுமையும் அதில் தெரிகிறது. பதினான்கு கண்கள், ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய ஓட்டு வளையங்கள், மலைபோன்ற உடல். அமைதியில் கண்கள் நீலம், சினத்தில் சிவப்பு. பேச்சு இல்லை, முகபாவம் இல்லை. இரு நிறங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பாத்திரத்துக்கு மனம் உண்டாக்கிவிடுகிறார். அந்த உடலின் அசைவுக்காக, வளையங்களைத் தனித்தனியே அட்டைகளாக வெட்டி, மீள்பட்டையால் ஒன்றோடொன்று பிணைத்து, இழுத்தும் தளர்த்தியும் ஒவ்வொரு சட்டகமாகப் படம்பிடித்தார்கள். கணினி எதுவும் இல்லை. திரையில் அது நகரும்போது ஓடுகளுக்கு இடையே ஒரு கனம் தெரிகிறது. ஓர் வளையம் நகர்ந்த பின்புதான் அடுத்தது இழுபட்டு வருகிறது. இன்றைய கணினிப் படங்களின் வழுவழுப்பான பெருவிலங்குகளில் எனக்கு அந்தக் கனம் கிடைப்பதில்லை.

தொல்காப்பிய மரபியல், உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கும்போது நண்டையும் தும்பியையும் ஒரே படியில், நான்கறிவு உயிர்களாக, அருகருகே வைக்கிறது. ஒன்று நீரது, மற்றொன்று காற்றினது. ஓமுவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நூற்பாதான் நினைவுக்கு வரும். நண்டின் ஓடும் பூச்சியின் உணர்கொம்பும் ஓருடலில் சேர்ந்த ஒரு பிராணி. ஆனால் அதற்கு மனம் என்னும் ஆறாவதும் இருக்கிறது. அகநானூற்றின் நான்காம் பாட்டில் குறுங்குடி மருதனார் ஒரு தலைவனைக் காட்டுகிறார்: பூவில் துணையோடு தாதுண்ணும் வண்டுகள் தேர்மணியின் ஓசையால் கலைந்துவிடுமோ என்று அஞ்சி, மணியின் நாவைக் கட்டிவிட்டுத் தேரோட்டி வருகிறான் அவன். நௌசிகாவும் ஒலியால்தான் பூச்சிகளோடு உறவாடுகிறாள். சினங்கொண்டு துரத்தும் ஓமுவை அவள் சுடுவதில்லை. ஒளிகாட்டித் திகைக்கவைத்து, ஒரு சிறு குழலைச் சுழற்றி ஓசை எழுப்பி, காட்டுக்குத் திரும்பச் செய்கிறாள். கிரேக்கக் காப்பியமாகிய ‘ஒடிசி’யின் இளவரசி ஒருத்தியிடமிருந்து பெயரையும், பூச்சிகளை விரும்பிய பெண்ணைப் பற்றிய பழைய ஜப்பானியக் கதையொன்றிலிருந்து இயல்பையும் எடுத்துக்கொண்டு மியாசாகி இவளைப் படைத்தார். மருதனாரை அவர் அறிய வாய்ப்பில்லை. ஆனாலும் முல்லைத் தலைவன் மணிநாவைக் கட்டிய அந்தக் கையை நான் இப்படத்தில் கண்டேன். வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆசிரியனுக்கு வேறென்ன வேண்டும்.

என் பழைய வாசிப்பு இந்த வழியில்தான் சென்றது. படத்தின் நடுவில் நௌசிகாவும் அஸ்பெல் என்னும் இளைஞனும் புதைமணலில் மூழ்கி, காட்டுக்கு அடியில் விழுகிறார்கள். அங்கே தூய காற்று, தெளிந்த நீர், கல்லாகிப்போன பெருமரங்கள், பொடிந்து உதிரும் வெண்மணல். மண்ணின் நஞ்சை உறிஞ்சித் தன்னுள் வாங்கி, கல்லாகி, மணலாகி, உலகைத் தூய்மை செய்துகொண்டிருக்கிறது அழுகற்கடல். பூச்சிகள் அதைக் காக்கின்றன. திரிந்த திணை தன்னைத் தானே மீட்டுக்கொள்கிறது! ஜோ ஹிசாய்ஷியின் இசை அங்கே ஏறக்குறைய நின்றுவிடுகிறது; மணல் உதிரும் ஓசை மட்டும். இதுவே படத்தின் உயிர்நிலை என்றும், மனிதனுக்கு அப்பால் இயற்கைக்கு ஒரு நீண்ட பொறுமை உண்டு என்பதே அது தரும் தரிசனம் என்றும் நான் சொல்லிவந்தேன். சூழலியல் நோக்கில் இப்படத்தைப் பேசுபவர்கள் பலரும் ஏறத்தாழ இதையே சொல்கிறார்கள்.

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அலையாத்தி மரங்களில் நீர் ஏறியிருந்த உயரம் வரை கறுப்புக் கோடு. கூழைக்கடாக்கள் எண்ணெயில் தோய்ந்து நின்ற படங்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். படகுகளும் வலைகளும் வீணாயின. அம்மாதம் 26ஆம் நாள் நள்ளிரவு, பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, உறங்கிக்கொண்டிருந்த மக்கள் மூச்சுத்திணறித் தெருவுக்கு ஓடினார்கள். அந்தப் பருவத் தேர்வுகள் முடிந்து புத்தாண்டில் கல்லூரி திறந்தபோது, திணைக் கோட்பாட்டுத் தாளுக்காக, ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில் இப்படத்தை முதுகலை மாணவர்களுக்குத் திரையிட்டேன். நோக்கம் நல்லதுதான். நம்பிக்கை தரும் ஒன்றைக் காட்டுவோம் என்று.

படம் முடிந்து, நான் வழக்கமான சொற்களைச் சொல்லி முடித்ததும், எண்ணூர்ப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து வரும் மாணவர் எழுந்தார். வகுப்பில் அதிகம் பேசாதவர்.

“ஐயா, அடியில தண்ணி சுத்தமாவுது, சரி. அதுவரைக்கும் மேல இருக்கிற ஜனம் எங்க போவும்?”

அது ஒரு குறியீடு, அப்படி நேர்பொருளில் கேட்கக்கூடாது என்று ஏதோ சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை, உட்கார்ந்துவிட்டார். அந்தப் பதில் சரியில்லை என்பது பேருந்து நிறுத்தத்துக்கு வருவதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. குறியீட்டைப் பற்றிக் கேட்கத் தகுதியானவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான்.

இப்படத்துக்கான தூண்டுதல்களில் ஒன்றாக மினமாட்டா விரிகுடாவை மியாசாகி குறிப்பிட்டிருக்கிறார். அதை நான் பல ஆண்டுகளாக வகுப்பில் மேற்கோள் காட்டி வந்திருக்கிறேன். தென் ஜப்பானில், சிஸ்ஸோ என்னும் வேதித்தொழிற்சாலை பாதரசக் கழிவை அந்த விரிகுடாவில் கலந்தது. மீனை உண்டவர்களின் நரம்பு மண்டலம் சிதைந்தது. 1956இல் நோய் முறையாகப் பதிவாயிற்று; காரணம் அந்தத் தொழிற்சாலைதான் என்று ஜப்பானிய அரசு ஒப்புக்கொண்டது 1968இல். நஞ்சு கலந்ததால் அங்கே மீன்பிடிப்பு நின்றது. பின்னர் அந்த விரிகுடாவில் மீன்கள் பெருகின என்ற செய்திதான் மியாசாகியின் மனத்தை அசைத்தது. மனிதன் விலகியதும் நஞ்சுக்கு நடுவிலும் உயிர் தழைக்கிறது.

இக்கதையை இத்தனை முறை சொன்ன நான், அதன் நடுவில் இருக்கும் ஒரு சொற்றொடரைக் கவனிக்கவே இல்லை. மீன்பிடிப்பு நின்றது. யார் பிடிக்கும் மீன்? மினமாட்டாவில் முதலில் நோயுற்றவர்கள் மீனவக் குடும்பத்தினர். கடல் மீண்ட கதையில் அவர்கள் தொழிலிழந்த நாட்கள்தான் கடலுக்குக் கிடைத்த ஓய்வு. எண்ணூரில் அந்த டிசம்பரில் பல நாட்கள் கட்டுமரமும் ஃபைபர் படகும் கரையிலேயே கிடந்தன. பிடித்த மீனையும் வாங்க ஆளில்லை. அந்நாட்களில் கழிமுகத்து இறால்கள் நிம்மதியாக இருந்திருக்கலாம் என்று யாரேனும் ஒரு கட்டுரை எழுதினால், அதை நாம் ‘இயற்கையின் பொறுமை’ என்று கொண்டாடுவோமா? நான் செய்துகொண்டிருந்தது ஏறக்குறைய அதுதான்.

எனவே படத்தின்மீது கோபம் வந்தது. சில வாரங்கள் அதை எடுக்கவில்லை. மியாசாகியும் தொலைவிலிருந்து பார்க்கும் கலைஞர்தானோ, காட்டின் பக்கம் நின்று கரையில் இருப்பவர்களை மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். பிறகு ஓரிரவு மீண்டும் பார்த்தேன். மறந்தவன் நான்.

படையின் தலைவி குஷானா பள்ளத்தாக்கின் கிழவர்களைச் சிறைபிடித்து வைத்திருக்கிறாள். பூச்சிகளால் கையிழந்து உலோகக் கை பூட்டிக்கொண்டவள் அவள். தீயவள் என்று எளிதாகத் தள்ளிவிட முடியாத பாத்திரம். காட்டை எரித்தால் இவர்களும் அச்சமின்றி வாழலாம் என்று உண்மையாகவே நம்புகிறாள். அவளிடம் ஒரு கிழவர் தம் கையை நீட்டிக் காட்டுகிறார். எங்கள் அரசருக்கு வந்த அதே நோய். இன்னும் அரையாண்டில் இது கல்லைப்போல் இறுகிவிடும். ஆனால் எங்கள் இளவரசிக்கு இந்தக் கை பிடிக்கும், உழைத்த அழகான கை என்பாள், என்கிறார். குஷானா பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிறாள். மொத்தம் ஒரு நிமிடம் இருக்கலாம். வண்ணமும் இசையும் விண்கலமும் இல்லாத, மூன்று கிழவர்கள் உட்கார்ந்து பேசும் ஒரு காட்சி. இருபது முறைக்கு மேல் பார்த்தும், கதையில் ஓர் இடைவெளியாகவே அதை நான் கடந்து சென்றிருக்கிறேன்.

அதன்பின் படம் முழுவதுமே வேறாகத் தெரிந்தது. கல்லாகும் மரங்களும் கல்லாகும் கைகளும் ஒரே சொல்லால் இணைக்கப்பட்டிருக்கின்றன. நஞ்சை உறிஞ்சிக் கல்லாவது காடு மட்டுமன்று. அக்காட்டின் கரையில் வாழ்பவர்களும்தான். உலகைத் தூய்மை செய்யும் வேலையில் அவர்களுடைய உடலும் சேர்க்கப்பட்டிருக்கிறது, யாரும் அவர்களைக் கேட்காமல். மண்ணின் நஞ்சை வடிகட்டும் வேலை அழுகற்கடலுக்கு என்று நான் சொன்னது பாதி. மற்ற பாதி அந்தக் கையில் இருந்தது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியபோது, கரையொதுங்கிய கசடை வாளி வாளியாக அள்ளினார்கள். 2023இலும் கழிமுகத்தில் இறங்கி எண்ணெயை அள்ளியவர்களில் அங்குள்ள மீனவர்கள் இருந்தார்கள். அடியில் நீர் தானாகத் தெளிவதில்லை.

பள்ளத்தாக்கின் நீர்த்தேக்கத்தைக் காக்கும் பழங்காட்டில் வித்துகள் புகுந்துவிடும்போதும் இந்தக் கிழவர்கள்தான் அதை எரிக்கவேண்டி வருகிறது. நெருப்பு ஒரு நாளில் காட்டை அழித்துவிடும், நீரும் காற்றும் அதை வளர்க்க நூறாண்டு ஆகும் என்று அவர்களில் ஒருவர் சொல்கிறார். அறிஞர் வாயால் வந்திருந்தால் அது உபதேசமாகியிருக்கும். எரித்த கையின் சொந்தக்காரர் சொல்வதால் அப்படி ஆகவில்லை.

முடிவைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு மனக்குறை உண்டு. ஓமுக்களின் வெள்ளத்துக்கு முன்னால் நின்று உயிர்விடும் நௌசிகாவை, அவற்றின் பொன்னிற உணர்கொம்புகள் உயர்த்தி உயிர்ப்பிக்கின்றன. நீல ஆடையணிந்து பொன்வயலில் நடந்துவரும் மீட்பரைப் பற்றிய பழைய வாக்கு பலிக்கிறது. காட்சி என்ற அளவில் அது கண்ணைப் பறிக்கும். ஹிசாய்ஷி தம் நான்கு வயது மகளைப் பாடவைத்த அந்தக் குழந்தைப் பாட்டு ஒலிக்கும்போது நானும் கலங்கியிருக்கிறேன். ஆனால் நிலவறையில் கிணற்றுநீரும் மணலும் வைத்து உண்மையைத் தேடிய பெண்ணைக் கடைசியில் தெய்வமாக்கிவிடுவது அவளுக்குச் செய்யும் குறைவு. நம் ஊரிலும் இது நடக்கும்; ஒரு பெண் உழைத்து எதையாவது கண்டுபிடித்தால் அவளை அம்மனாக்கிவிட்டு, கண்டுபிடிப்பை மறந்துவிடுவோம். இம்முடிவின் சமயத்தன்மை தமக்கும் உவப்பாக இல்லை என்று மியாசாகியே பின்னாளில் பேசியிருக்கிறார். அமெரிக்காவில் 1985இல் இருபது நிமிடங்களுக்கு மேல் வெட்டி, பெயர்களை மாற்றி வெளியிட்டபோது, எஞ்சியது வீரசாகசம்தான். அதற்குப் பின் தம் படங்களில் ஒரு சட்டகத்தையும் வெட்டக்கூடாது என்பது கிப்லியின் நிபந்தனையாயிற்று.

இந்த மனக்குறைக்கு மியாசாகி தந்த விடை திரையில் இல்லை, தாளில் இருக்கிறது. படத்துக்கு முன்பே, 1982இல், ‘அனிமேஜ்’ இதழில் அவர் இதைச் சித்திரக்கதையாகத் தொடங்கிவிட்டார், முடித்தது 1994இல். ஏழு தொகுதிகள். படம் அதன் தொடக்கப் பகுதியை மட்டுமே கொண்டது. இறுதித் தொகுதியில் ஓர் உண்மை வெளிப்படுகிறது. அழுகற்கடல் இயற்கையாகத் தோன்றியதன்று. நஞ்சைத் தூய்மை செய்வதற்காகப் பழைய மனிதர்களே உருவாக்கிவிட்டுச் சென்ற ஒன்று. அந்த நஞ்சில் வாழத்தக்கவாறு இப்போதைய மனிதர்களின் உடலையும் அவர்களே மாற்றியிருக்கிறார்கள். உலகம் முற்றிலும் தூய்மையாகும் நாளில் இவர்கள் அந்தக் காற்றைச் சுவாசித்துப் பிழைக்கமாட்டார்கள். தூய உலகம் வேறு யாருக்காகவோ காத்திருக்கிறது. அந்தத் திட்டத்தை நௌசிகா மறுக்கிறாள், அழிக்கிறாள். நஞ்சோடு இருக்கும் தன் மக்களின் பக்கம் நிற்கிறாள். அவள் செய்தது சரியா என்று எனக்கு இன்றுவரை உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் என் மாணவர் கேட்ட கேள்வியை, அதே கொடுமையோடு, அந்தக் கலைஞர் பன்னிரண்டு ஆண்டுகள் தமக்குத்தாமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மேல இருக்கிற ஜனம் எங்க போவும்?

ஆகவே இப்படத்தை ‘இயற்கை வெல்லும்’ என்று வாசிப்பவர்களோடு நான் இனி உடன்படமாட்டேன். அதற்கு எதிராகப் படத்திலேயே சான்று இருக்கிறது. எழுத்துகள் ஓடி முடிந்த பின் வரும் கடைசிக் காட்சியில், காட்டுக்கடியில் வெண்மணலில் நௌசிகாவின் தலைக்கவசம் கிடக்கிறது. அருகில் ஒரு பச்சைத் தளிர். அழகான படிமம் என்று அதைத்தான் என் பழைய குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தத் தளிர் இருக்கும் இடத்தில் மனிதர் ஒருவரும் இல்லை என்பதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை.

இந்த ஆண்டு மாணவர்கள் நால்வர் சேர்ந்து, வகுப்பில் காட்டுவதற்காகப் படத்துக்குத் தமிழ்த் துணையுரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கேள்வி கேட்டவர் படிப்பை முடித்துவிட்டாலும் மாலையில் வந்து சேர்ந்துகொள்கிறார். ‘ஃபுகாய்’க்கு நான் சொன்ன ‘அழுகற்கடல்’ அவர்களுக்குப் பிடிக்கவில்லை. வாயில் நுழையவில்லை என்கிறார்கள். ‘நச்சுக்காடு’ என்றார்கள், கடல் போய்விடுகிறதே என்று நான் மறுத்தேன். கழி என்னும் சங்கச்சொல்லையும், கழிவு என்பதோடு அதற்குள்ள உறவையும் விளக்கி, ‘கழிக்கடல்’ என்று ஒன்றை முன்மொழிந்தேன். “எங்காளுங்க அத ஆறுன்னுதான் சொல்லுவாங்க ஐயா” என்றார் அவர். அது இன்னும் முடிவாகவில்லை.

கிழவர் கை நீட்டும் இடத்தில் மட்டும் வாதம் நீளவில்லை. ஆங்கிலத் துணையுரையைப் பார்த்து ‘உழைத்த கரங்கள்’ என்று எழுதியிருந்தோம். அவர் அதை அடித்துவிட்டு ‘பாடுபட்ட கை’ என்று எழுதினார். கடலுக்குப் போய் வந்தால் பாடு எப்படி என்றுதான் கரையில் கேட்பார்கள், மீன்பாடு என்பார்கள், அதுவும் இதுவும் ஒன்றாகவே இருக்கட்டும் என்றார். அப்படியே வைத்துக்கொண்டோம்.